பூசாதீர்கள், பிரித்துப் பாருங்கள்: கண்ணாடிக் கூடம் கட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கண்ணாடிக் கூடம் அமைத்துத் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும் அவர்களின் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதும் ஏணியும், இடுக்கை அடைக்கும் சிலிகான் பசைக் குழலுமாக ஓர் ஆளை அனுப்புகிறீர்கள். கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் அவர் இறங்கிவிடுகிறார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் சொட்டுகிறது. மறுபடி அதே ஏணி, அதே குழல். மூன்றாம் முறை அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் நேராகக் கோரிக்கைக்கு வருகிறோம். ஒழுகினால் பூசாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

வெயிலில் காய்ந்து அழுக்கேறிய சிலிகான் மேல் புதிய சிலிகான் நிலைத்துப் பிடிக்காது. பழையதைக் கத்தியால் முழுக்கச் சுரண்டி, துடைத்து, உலரவிட்டுத்தான் புதிதாக இட வேண்டும். ஈரத்தின் மேல் பூசியதும் நிற்காது. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே நுழையும் இடம் ஒன்று, அது வெளியே தெரியும் இடம் வேறு. தெரிகிற இடத்தை அடைத்தால் உள்ளே தேங்கிய நீர் சட்டத்துக்குள்ளேயே ஓடி, இரண்டு மீட்டர் தள்ளி விளக்குப் பொருத்திய இடத்தில் இறங்கும். இரவில் மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து வாளியை எங்கே வைப்பது என்று தேடும் நிலை இப்படித்தான் வருகிறது. நேற்று வைத்த இடத்தில் இன்று சொட்டுவதில்லை.

நாங்கள் பார்த்த ஒழுக்குகளில் பெரும்பாலானவை கண்ணாடியில் இல்லை, கூரை வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டில் இருக்கின்றன. அங்கே நீர் புகாமல் இணைப்பை மூடும் ஃபிளாஷிங் தகட்டைப் பூச்சின் மேலேயே வைத்து, திருகி, மேல் விளிம்பில் சிலிகான் இழுத்துவிட்டுப் போகிறீர்கள். பூச்சு நீர் உறிஞ்சும் பொருள். மேலே சுவரில் அடிக்கும் மழை பூச்சுக்குள் ஊறி, தகட்டுக்குப் பின்புறமாகவே இறங்கிவிடும். மேல் விளிம்பை எத்தனை முறை அடைத்தாலும் இந்த வழி அடைபடாது. பூச்சைத் தாண்டிச் செங்கல் வரிசையின் இணைப்பில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, தகட்டின் மடிப்பை உள்ளே செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, பிறகு இணைப்பை நிரப்ப வேண்டும். தெறிக்கும் நீர் எட்டாதபடி அந்தக் காடி கூரைப் பரப்பிலிருந்து 150 மி.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். தகட்டுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 100 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். ஈயத் தகடாக இருந்தால் ஒரு துண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது; போனால் வெயிலில் விரிந்து, சுருங்க வழியில்லாமல் கிழியும்.

நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர் என்றால் இதுவும் போதாது. நேற்றுவரை வெளிச்சுவராக இருந்தது, கூரை போட்டதும் அதன் கீழ்ப்பகுதி அறைக்குள் வந்துவிடுகிறது. இடைவெளிக்குள் இறங்கும் நீரை வெளியே திருப்பிவிடும் தட்டு ஒன்றைச் சுவருக்குள் பதிக்காவிட்டால், அந்த நீர் புதுக் கூடத்தின் உட்சுவரில் ஓதமாக வரும். பட்டி உரியும், உப்புப் பூக்கும். அதற்கும் மேலே வண்ணம் அடித்துத் தருகிறீர்கள்.

விரிவும் சுருக்கமும் உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. வெப்பநிலை 40 பாகை மாறினால் 4 மீட்டர் அலுமினியச் சட்டம் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். அதே நீளப் பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) பலகை 10 மி.மீ. நீளும். கண்ணாடி ஒன்றரை மி.மீ.கூட நீளாது. 25 விழுக்காடு அசைவைத் தாங்கும் சிலிகானை 3 மி.மீ. இடுக்கில் திணித்தால் அது தாங்குவது முக்கால் மி.மீ. மட்டுமே. ஒரு கோடைக்குள் அது பிளப்பதற்குப் பொருளின் தரம் காரணமில்லை, இடுக்கின் அளவுதான் காரணம். இடுக்கை அகலமாக விட்டு, பின்னால் நுரைக் கயிறு வைத்து, அகலத்தில் பாதி ஆழத்துக்குச் சிலிகான் இடுங்கள். இரண்டு பக்கம் மட்டுமே அது ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும். வினிகர் வாடை வரும் வகையை ஈயத்தின் மேலும் சிமெண்டின் மேலும் லேமினேட்டட் (நடுவே படலம் வைத்து ஒட்டிய) கண்ணாடி விளிம்பிலும் இடாதீர்கள். அதன் அமிலம் அவற்றைக் கெடுக்கும். பாலிகார்பனேட் பலகையில் திருகின் தடிமனுக்கே துளை போடுவதும் இதே பிழைதான். பலகை நகர இடமில்லாமல் நள்ளிரவில் படபடக்கும், பிறகு துளையிலிருந்து விரிசல் ஓடும்.

சட்டத்தின் அடியில் இருக்கும் வடிதுளைகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் பொறுமை குறைகிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் நீர் உள்ளே வரும் என்று தெரிந்தே, அதை வெளியேற்றத்தான் தயாரிப்பாளர் அந்தத் துளைகளை வைக்கிறார். ஒழுக்கை நிறுத்துவதாக நினைத்து உங்கள் ஆட்கள் அவற்றையே அடைத்துவிடுகிறார்கள். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு நாள்கணக்கில் நீரில் ஊறி, ஒட்டு விட்டுப்போய், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் படிகிறது. அதைத் துடைக்க முடியாது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். கண்ணாடிக்கு அடியில் இரு முனையிலிருந்தும் அகலத்தின் கால் பங்குத் தூரத்தில் தாங்குகட்டை வைத்து, துளை அடைபடாமல் விட்டிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

இவ்வளவையும் சொன்னால் “அது ஒழுக்கில்லை, உள்ளே பனிக்கிறது” என்கிறீர்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. உள்ளே 25 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 17 பாகைக்குக் கீழே குளிர்ந்த பரப்பில்தான் நீர் படியும். அது மழையில்லாத குளிர்ந்த காலையிலும் வரும், கண்ணாடி முழுக்கப் பரவி நிற்கும். மழை பெய்து அரை மணி நேரம் கழித்து ஒரே புள்ளியில் தொடங்கி, பழுப்புக் கறை விட்டுப் போவது ஒழுக்கு. வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் பழக்கமும் இதற்குக் காரணம். அளவெடுப்பவர் ஒருவர், சட்டம் அடிப்பவர் ஒருவர், கண்ணாடி மாட்டுபவர் மூன்றாமவர். அடிச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைப் பார்க்காததால் சட்டம் கோணிவிடுகிறது. டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியைச் செய்த பிறகு வெட்ட முடியாது என்பதால் மீதி இடைவெளியை அடைக்கச் சிலிகான் வருகிறது. மேல்மாடிக் கூரையின் நீர் எங்கே விழும் என்று யாரும் கணக்கிடுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். அவ்வளவும் கண்ணாடிக் கூரையின் ஒரே மூலையில் கொட்டினால் எந்த வாட்டமும் தாங்காது; தனிக் குழாய் வைத்துத் தரைக்கு இறக்க வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

தகட்டையும் காடியையும் மூடும் முன் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள், படம் எடுத்துக் கொடுங்கள். கடைசித் தவணை வாங்கும் முன் குழாய் நீரடித்துச் சோதியுங்கள். அடியிலிருந்து மேலே போக வேண்டும், ஒன்றரை மீட்டர் இணைப்புக்கு ஐந்து நிமிடம், உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு விட்டது என்றே தெரியாது. சுவரோடு சேரும் கோட்டைக் கடைசியாக நனையுங்கள். சங்கப் பொறுப்பாளர்கள் இந்த இரண்டையும் உறுப்பினர்களின் ஒப்பந்தப் படிவத்திலேயே எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஏற்கெனவே ஒழுகும் கூடங்களுக்கு இந்த முறை குழலோடு வராதீர்கள். உளியும் காடி வெட்டும் மெஷினும் புதுத் தகடும் கொண்டு வாருங்கள். தயவுசெய்து பூசாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒழுகும் கூரையின் கீழ் வாழும் வீட்டுக்காரர்களின் சார்பில்