நாய் சைவம் சாப்பிடலாம், ஆனால் மிச்சச் சோறு சைவ உணவு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளர்ப்பு நாய்க்குச் சைவ உணவு கொடுக்கலாமா கூடாதா என்று உங்கள் வாசகர் பகுதியில் கொஞ்ச நாளாக நடக்கும் சண்டையைப் படித்துக்கொண்டே வருகிறேன். நாய் ஓநாயின் வாரிசு, அதற்குக் கறி போடாமல் இருப்பது கொடுமை என்கிறது ஒரு தரப்பு. இன்னொரு தரப்போ கறியை நிறுத்திவிட்டால் பூமியும் பிழைத்துவிடும், நாயும் நோய்நொடி இல்லாமல் வாழும் என்கிற மாதிரி எழுதுகிறது. என் வீட்டு நாய் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் முழுக்கத் தாவர உணவில்தான் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆக நான் இரண்டாவது கட்சிதான். ஆனால் எனக்கு எரிச்சல் அதிகம் வருவது என் கட்சிக்காரர்கள் மீதுதான்.

ஓநாய்க் கதையை முதலில் முடித்துவிடலாம். 2013இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான், நாய்களிடமோ 4 முதல் 30 வரை இருக்கிறது என்று காட்டியது. மனிதன் தின்று மிஞ்சியதை ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தின்று வந்த உயிரின் வயிறு மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெத்தியோனின், சிஸ்டீன் என்கிற அமினோ அமிலங்கள் போதுமான அளவு கிடைத்தால் நாய் தன் இதயத்துக்கு வேண்டிய டாரின் என்கிற சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். பூனைக்கு இந்த வித்தை தெரியாது. அதனால் 'நாய் பூனைகளுக்குச் சைவம்' என்று இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டுவதே தப்பு. நாய்களுக்கான சைவ உணவைப் பல வருடம் எதிர்த்துவந்த பிரிட்டன் கால்நடை மருத்துவர் சங்கம்கூட 2024இல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டது, ஆனால் பூனைக்கு இன்றும் பரிந்துரைக்கவில்லை.

சரி, அப்படியானால் வீட்டில் சமைத்த சோறும் பருப்பும் காய்கறியும் போட்டால் போதுமா? போதாது. இங்கேதான் என் கட்சிக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நாய்க்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு பொருள் இல்லை, சத்துகளின் முழுப் பட்டியல். வளர்ந்த நாயின் உணவில், ஈரப்பதம் நீக்கிப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு, குட்டிக்கு 22.5 சதவீதம். அந்தப் புரதத்திலும் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்புறம் வைட்டமின் பி12, வைட்டமின் டி, துத்தநாகம், அயோடின், கால்சியம். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் தப்பினால் வளரும் குட்டியின் எலும்பே கோணிவிடும். இதையெல்லாம் அடுப்படியில் கண் அளவால் பிடிக்க முடியாது. குறைபாடு ஒரு வாரத்தில் தெரிவதும் இல்லை, மாதக்கணக்கில் வாலாட்டிக்கொண்டே இருக்கும் நாய்க்கு உள்ளே ஏதோ தீர்ந்துகொண்டிருக்கும், நாமும் 'பாருங்கள், எவ்வளவு சுறுசுறுப்பு' என்று படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்போம். இன்னொன்று, 'காய்கறிதானே' என்று வெங்காயம், பூண்டு சேர்ந்ததைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முழுமையான உணவு என்று அட்டையில் போட்டிருக்கும் தயாரிப்பை வாங்குங்கள், இல்லாவிட்டால் கால்நடை உணவியல் தெரிந்த மருத்துவரிடம் சமையல் குறிப்பு எழுதி வாங்குங்கள். இரண்டும் முடியாதென்றால் தயவுசெய்து கறி உணவிலேயே விட்டுவிடுங்கள்.

ஆரோக்கியம் என்று சொல்லி இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கி வீசுவதையும் பார்க்கிறேன். 2022இல் பிளாஸ் ஒன் இதழில் 2,536 நாய்களைப் பற்றி வந்த ஆய்வில், தாவர உணவு நாய்களின் உடல்நிலை வழக்கமான கறி உணவு நாய்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரிந்தது உண்மை. ஆனால் அது வளர்ப்பவர்களிடம் கேட்டு எழுதியது. கிண்ணத்தில் என்ன போட்டோம் என்று தெரிந்த, அதைப் பெருமையாகவும் நினைக்கிற ஆளிடமே 'நாய் எப்படி இருக்கிறது' என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? எதிர்த்தரப்பு காட்டுவது, நாய்களுக்கு வந்த இதயநோய்க்கு உணவு காரணமா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் தொடங்கிய விசாரணை. அதில் சிக்கியவை பெரும்பாலும் தானியம் நீக்கி, பட்டாணியும் பயறும் நிறையச் சேர்த்த உணவுகள், அவற்றில் பலவற்றில் கறியும் இருந்தது. எனவே அது சைவத்துக்கு எதிரான தீர்ப்பு கிடையாது. ஆனாலும் சைவ நாய் உணவுகள் பலவும் பட்டாணியை நம்பியே நிற்பதால், டாரினும் மெத்தியோனினும் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலை. ஒவ்வாமைக்காக மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாய்களில் முதலிடம் மாட்டிறைச்சிக்குத்தான், ஆனால் கோதுமையும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது.

இனி சுற்றுச்சூழல். அமெரிக்காவில் கால்நடை வளர்ப்பால் நிலம், நீர், எரிபொருள் மீது விழும் சுமையில் 25 முதல் 30 சதவீதம் நாய் பூனை உணவால் வருகிறது என்று 2017இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெகரி ஓகின் கணக்குப் போட்டுச் சொன்னார். இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாய் உணவில் போகும் கறியில் பெரும்பகுதி மனிதர் ஒதுக்கும் நுரையீரல், மண்ணீரல் போன்ற கழிவுதானே, அதற்கு எதற்குப் பழி என்று உடனே பதில் வரும். அந்தப் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் விலைபோகிற கழிவு கழிவே இல்லை, அந்த வருமானமும் சேர்ந்துதான் கறித் தொழிலைக் கட்டுப்படியாக்குகிறது. அதோடு 'மனிதர் சாப்பிடும் தரத்தில் கறி' என்று விளம்பரம் செய்து விற்கும் உணவுக்கு இந்தச் சமாதானமும் பொருந்தாது. அது நேராக நம் தட்டோடு போட்டி போடுகிறது. செல்லத்துக்கு உயர்ந்தது கொடுக்கிறோம் என்று அதை வாங்குகிறவர்கள்தான் கணக்கில் மோசமான இடத்தில் நிற்கிறார்கள் என்பது என் கருத்து.

கறியை விட மனமில்லாதவர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2022இல் பிரேசில் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி 10 கிலோ நாய் ஒன்று உலர் உணவு தின்றால் வருடத்துக்குச் சுமார் 828 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வு, டின்னில் வரும் ஈர உணவு தின்றால் 6,541 கிலோ. கிட்டத்தட்ட எட்டு மடங்கு! அப்புறம் அளவு. லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றில், ஒப்பிடுவதற்காக ஜோடி சேர்த்த உடன்பிறந்த நாயைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. கறியா காயா என்று மல்லுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேர் கிண்ணத்தில் போடுவதை எடை போட்டுப் போடுகிறார்கள்?

மாற்ற முடிவு செய்தவர்கள் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முன்பும் பின்பும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். தாவர உணவில் சிறுநீரின் காரத்தன்மை கூடலாம், ஏற்கெனவே சிறுநீர்ப்பைக் கல் வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குட்டிகள், கருவுற்ற நாய்கள் விஷயத்திலும் அப்படியே. ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இதைப் பற்றிய கடிதங்களை வெளியிடும்போது ஒரு கால்நடை உணவியல் நிபுணரிடம் நாய் உணவு அட்டையைப் படிப்பது எப்படி என்று அரைப் பக்கம் எழுதி வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகி