கழுத்து வழியே ஸ்டென்ட்: பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகளுக்கு இதயத்தையொட்டிய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயை மூடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) பொருத்திய செய்தி வரும்போதெல்லாம், 'தொடையில் சிறு துளையிட்டு' என்ற வரியே பெரும்பாலும் கண்ணில் படுகிறது. சென்னையில் குழந்தைகள் இதயப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு, அந்த வரி பெற்றோரை எவ்வளவு கலங்க வைக்கிறது என்பது தெரியும்.

நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் பாதை அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு, கருவிலிருந்தே மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருக்கும் டக்டஸ் என்ற சிறு குழாய்தான் உயிரைத் தாங்குகிறது. பிறந்த சில நாட்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும் என்பதால், புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றி அதைத் திறந்து வைத்திருந்து, பிறகு ஸ்டென்ட் பொருத்துவார்கள். நுரையீரலுக்கு ரத்தம் செல்ல மாற்றுப் பாதை அமைக்க 1944 முதல் செய்யப்பட்டுவரும் பிளேலாக்-டாசிக் அறுவை சிகிச்சைக்கு மாற்றாக 1990களில் வந்த முறை இது.

எந்த வழியாக உள்ளே போவது என்பதில்தான் சிக்கல். இரண்டரைக் கிலோ சிசுவின் தொடைத் தமனி ஓரிரு மில்லிமீட்டர் அகலமே இருக்கும். உள்ளே செலுத்தும் குழாயே அதை ஏறக்குறைய அடைத்துவிடும். சிகிச்சை முடிந்து வந்த குழந்தையின் இரு பாதங்களையும் மாற்றி மாற்றித் தொட்டு, ஒன்று மட்டும் சில்லிட்டு வெளுத்திருக்கிறதா என்று இரவெல்லாம் பார்த்திருக்கிறேன். மேலும், இக்குழந்தைகள் பலருக்கு டக்டஸ், மகாதமனி வளைவின் அடியிலிருந்து செங்குத்தாக இறங்கி நெளிந்து செல்லும். ஸ்டென்ட்டைக் கொண்டு செல்லத் தொடையிலிருந்து ஏற்றும் மெல்லிய கம்பி அங்கே மடங்கித் திரும்ப வேண்டியிருக்க, கழுத்திலோ அக்குளிலோ உள்ள தமனி வழியாகச் சென்றால் பாதை ஏறத்தாழ நேராகிவிடுகிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் குத்தியோ, அறுவை மருத்துவர் தோலைச் சிறிது கீறித் தமனியை வெளியே எடுத்தோ இதைச் செய்கிறார்கள். கழுத்துத் தமனி மூளைக்கு ரத்தம் கொண்டு செல்வது என்பதால், பிறகு அதை ஸ்கேன் செய்து பார்ப்பதும் அவசியம்.

இவை எதையும் அறியாத ஒரு தாய், குழந்தையின் கழுத்தில் பிளாஸ்திரியைப் பார்த்ததும், "தொடையிலதான் போடுவாங்கன்னு பேப்பர்ல இருந்துச்சே, எம்புள்ள கழுத்துல ஏன் கைய வச்சீங்க?" என்று கதறியதை என்னால் மறக்க முடியவில்லை. மருத்துவர் எடுத்த முடிவு சரியானது. அதை அந்தத் தாயிடம் முன்னரே யாரும் சொல்லாததுதான் பிழை.

காப்பீட்டு அட்டையும் கைக்குழந்தையுமாக வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன், ஒரு குழந்தையின் படத்தில் தொடை, கழுத்து, அக்குள் என மூன்று இடங்களையும் குறித்துக் காட்டி, எந்த வழி, ஏன் என்பதைத் தமிழில் விளக்க வேண்டும். ஒரு வழி சரிவராவிட்டால் பாதியில் வேறு வழிக்கு மாற நேரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். தங்கள் நாளிதழும் இனி இத்தகைய செய்திகளில் எந்தத் தமனி வழியாகச் சிகிச்சை நடந்தது என்பதைக் கேட்டறிந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை.