வாசலில் நிற்பவருக்கே முதல் பணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடன் தொல்லையிலிருந்து மீள வழி கேட்டும் வழி சொல்லியும் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கடிதங்களை வாசித்தோம். இருக்கிற மனையை விற்றுவிடுங்கள் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் இன்னொருவர். சீட்டு எடுத்து அடைக்கலாம் என்பது மூன்றாமவர் யோசனை. இந்த மூன்று வழியிலும் கரையேறிய குடும்பங்கள் உண்டு, மூழ்கியவையும் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நகைக்கடன், பயிர்க்கடன் வேலை பார்த்தவர்கள் நாங்கள்; அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

சேலத்தில் ஒரே வீட்டில் நாலைந்து வகை வட்டி ஓடும். ‘நூத்துக்கு நாலு’ என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. அது மாத வட்டி. 12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 48 சதவீதம். தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய் தண்டலில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று நினைக்கக் கூடாது. கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். வண்டிக் கடன் தரும் ஃபைனான்ஸில் ‘12 சதவீதம்தான்’ என்பார்கள். முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் அந்த முறையில் 1 லட்சத்துக்கு 24 மாதத் தவணை 5,167 ரூபாய். உண்மையான வட்டி 21.5 சதவீதத்துக்கு மேல். கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டி வந்தால் பல கார்டுகளில் மாதம் 3 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இவற்றுக்கு நடுவே வங்கி நகைக்கடன் 9 சதவீதத்தை ஒட்டிப் பேசாமல் கிடக்கும்.

பேசாமல் கிடப்பதுதான் ஆபத்து. பெண்கள் குழுவுக்குத் தரும் கடனை வசூலிக்கும் குழுக்காரரும் தண்டல்காரரும் வாசலுக்கு வருகிறார்கள். வங்கியிலிருந்து வருவது ஒரு தபால் நோட்டீஸ் மட்டும். அதனால் கையில் வரும் பணமெல்லாம் வாசலில் நிற்பவருக்குப் போகிறது, தாலிக்கொடி ஏலத்துக்குப் போகிறது. யார் சத்தம் அதிகம் என்று பார்த்துக் கட்டுவதை விட்டு, எந்த வட்டி அதிகம், எந்தக் கடனில் எந்தப் பொருள் பறிபோகும் என்று பார்த்துக் கட்ட வேண்டும். இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

முதல் வேலை, ஒரு நோட்டில் கோடு போட்டு எல்லாக் கடனையும் எழுதுவது. யாரிடம், கையில் வந்த தொகை எவ்வளவு (எழுதிக்கொடுத்த தொகை அல்ல), இன்றைய பாக்கி, மாதத் தவணை, ஆண்டு வட்டி, அவர்களிடம் இருக்கும் நகை, பத்திரம், காசோலை. கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கிய குழுக் கடனும், மனைவிக்குத் தெரியாமல் கணவன் போட்ட கையெழுத்தும் அந்தத் தாளில் ஏற வேண்டும். வீட்டுக்குள் ஒரு நாள் சண்டை வரும், வரட்டும். மறைத்த கடன் ஒன்று இருந்தால் கீழே சொல்லும் எந்தக் கணக்கும் நிற்காது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓட்டும் ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 24,000, வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து 14,000 என்றால் மிஞ்சுவது 10,000. கடனோ நான்கு. 80,000 ரூபாய்க்கு நூத்துக்கு நாலு வட்டி, மாதம் 3,200. எத்தனை மாதம் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். இரண்டு குழுக் கடனுக்கு மாதம் 4,600, இன்னும் 14 மாதம். ஒரு தண்டல், மாதம் 3,000. வங்கியில் 4 பவுன் மேல் 1 லட்சம், 9 சதவீதம், மாதக் கணக்கில் 750. கூட்டினால் 11,550. மாதம் 1,550 துண்டு விழுகிறது, அதை அடைக்க அடுத்த தண்டல். கடன் வளர்வதற்கு ஊதாரித்தனம் தேவையில்லை, இந்த 1,550 போதும்.

பவுன் விலை ஏறியிருப்பதால் அதே 4 பவுனுக்கு இன்று கூடுதல் தொகை கிடைக்கும். 80,000 கூட்டி வாங்கி நூத்துக்கு நாலு கடனை முழுதாக முடித்துவிட்டால், 3,200 போய் 600 வருகிறது. நகை வட்டி மாதம் 1,350. அதோடு குழு, தண்டல் தவணையும் சேர்த்தால் 8,950. முதல் மாதத்திலேயே துண்டு நின்று 1,050 மிஞ்சும். தண்டல் முடிந்து மறு தண்டல் வாங்காவிட்டால் மிச்சம் 4,050. அதை நகை அசலில் கட்ட வேண்டும். குழுக் கடனும் முடிந்தபின் மாதம் 8,000க்கு மேல் கட்டலாம். நோய்நொடி, தீபாவளிச் செலவு எல்லாம் போக, மூன்று ஆண்டுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இது கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. மதிப்பீட்டாளர் ‘இன்னும் 70,000 தரலாம்’ என்று சொன்னதும் அதையும் வாங்கி விசேஷத்துக்குச் செலவழிப்பது ஒன்று. பழைய நகைக்கடனை முடிக்கப் பணம் இல்லையே என்று, அடகு நகையை மீட்டுத் தருவதாக போர்டு வைத்திருப்போரிடம் போவது இன்னொன்று. ஒரு நாள் பணத்துக்கு அவர்கள் பிடிக்கும் தொகையிலும் எடையிலும் லாபம் கரைந்துவிடும். அதே வங்கியில் சேர்ந்த வட்டியை மட்டும் கட்டி, கடனைப் புதுப்பித்துத் தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனின் காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. தள்ளுபடி வரும் என்று காத்திருந்து வட்டி கட்டாமல் விடுவதும் தவறு. 2021இல் கூட்டுறவு நகைக்கடன் 5 பவுன் வரை தள்ளுபடி ஆனதைச் சொல்லிச் சொல்லியே ஏலத்துக்கு விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் நிபந்தனைக்குள் வராதவர்களுக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை.

குழுக் கடன் பற்றிச் சில விதிகளைப் பெண்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரும் கடன் குறுங்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. பேசிவைத்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை வராதபோதுதான் வசூலிப்பவர் வீடு தேடி வரலாம். மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் நான்காவது குழுவில் கையெழுத்துப் போட்டு மூன்றாவது குழுவுக்குக் கட்டும் பழக்கத்தை எந்த விதியும் தடுத்துவிடாது.

மனையை விற்பது பற்றி எங்கள் கருத்து திட்டவட்டமானது. சும்மா கிடக்கும் மனை எவ்வளவு வேகமாக விலை ஏறினாலும் ஆண்டுக்கு ஆண்டு 48 சதவீதம் ஏறப்போவதில்லை. நூத்துக்கு நாலு கடன் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டால், நகை போதாவிட்டால், விற்றுவிடலாம். அவசரம் தெரியாத நேரத்தில் விற்க வேண்டும். கடன்காரரே வாங்க முன்வரும் கட்டம் வரை காத்திருந்தால் விலையை அவர்தான் சொல்வார். குடியிருக்கும் வீடும் விளையும் நிலமும் வேறு கதை. அவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றுவது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். இரும்பாலையிலோ அரசுப் பள்ளியிலோ வேலை பார்ப்பவர் வங்கியில் தனிநபர் கடன் வாங்கி 36, 48 சதவீதக் கடன்களை முடித்தால் லாபம்தான். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கினால் வட்டி இன்னும் குறையும். ஆனால் வெறும் கையெழுத்தில் இருந்த கடன் வீட்டின் மேல் ஏறிவிடுகிறது. தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன், பிறகு, ஈடு வைத்த சொத்தை வங்கியே எடுத்து விற்க இடம் தரும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். வருமானம் ஏறி இறங்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரரும் தறிக்காரரும் இதைச் செய்யும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பழைய கார்டை மூடாமல் இந்தக் கடனை வாங்கினால், ஆறு மாதத்தில் இரண்டு கடனும் இருக்கும்.

சீட்டு எடுத்து அடைப்பதில் எங்களுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. 1 லட்சம் சீட்டை இரண்டாம் மாதமே 30,000 தள்ளி எடுத்தால் கையில் வருவது 70,000. மீதிக் காலம் முழுக்கக் கட்டியாக வேண்டும். பாதிக்கு மேல் கட்டி முடித்த சீட்டாக இருந்து, குறைந்த தள்ளில் கிடைத்தால் எடுக்கலாம். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். தெருவில் நடத்தும் சீட்டுக்கு ரசீதுகூட இருக்காது.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. காப்பி அறுவடையும் மிளகும் முடிந்துதான் சிறு விவசாயி கையில் பணம் பார்ப்பார். அவர் தலையில் போய் மாதத் தவணைக் கடனைக் கட்டிவிட்டால் ஆடி, ஆவணியில் வெளியில் கை நீட்டாமல் என்ன செய்வார்? ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்து மரவள்ளிக்காரருக்கும் இதே நிலை. வியாபாரி தரும் முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், விலையில் பிடித்துவிடுவார்கள். சந்தை விலைக்கும் அவர் போடும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூட்டைக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள், அதுதான் வட்டி. இவர்கள் அறுவடையை ஒட்டித் திருப்பும் பயிர்க்கடன் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தறி முதலாளி தரும் முன்பணத்துக்கும் மூட்டைக் கணக்கு மாதிரியே ஒரு கணக்கு உண்டு: பாக்கி இருக்கும் வரை கூலி கூட்டிக் கேட்கவோ வேறு பட்டறைக்குப் போகவோ வாய் வராது.

தனியாரிடம் வாங்கிய கடனில் காகிதம்தான் முக்கியம். தொகை எழுதாத புரோ நோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போட்டிருந்தால், முடிக்கும் அன்றே அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பணத்தைத் தர வேண்டும். ‘நாளைக்குத் தேடித் தருகிறேன்’ என்றால் பணமும் நாளைக்குத்தான். வட்டியைக் கைக்காசாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்புங்கள். எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. நிலத்தை ஈடாகக் கேட்டால் அடமானப் பத்திரம் மட்டும் எழுதுங்கள். கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரமோ எழுதிக்கொடுத்தால் பிறகு அது கடன் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வங்கிக் கடன் முடிந்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரம் திரும்ப வர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் விதி.

கந்து வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இலும் ஒரு சட்டம் வந்தது. புகார் கொடுத்தால் நாளை அவசரத்துக்கு யார் தருவார் என்ற பயத்தில் பலர் போவதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். அடி, மிரட்டல், வீட்டுச் சாமானைத் தூக்குதல் என்று வந்துவிட்டால் பயத்தைப் பார்க்கக் கூடாது.

வங்கியோடு பேசி ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வது, வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முடிந்தது’ என்பதற்குப் பதில் ‘சமரசம்’ என்று பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாக நிற்கும். வங்கியின் கடிதம் கைக்கு வந்தபின் வங்கிக் கணக்கில்தான் கட்ட வேண்டும், வசூல் முகவர் கையில் அல்ல. போனை எடுக்காதீர்கள், நாங்கள் முடித்துத் தருகிறோம் என்று முன்கட்டணம் கேட்கும் நிறுவனங்களிடம் போக வேண்டாம். அதே பேச்சைச் செலவில்லாமல் மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, தொலைபேசி 15100. போகும்போது முன்பு சொன்ன அந்த நோட்டு, கடன் ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், கடைசி ஆறு மாத வங்கிக் கணக்குப் பட்டியல், ஆதார் ஆகியவற்றின் நகலோடு போங்கள். குழுக் கடன் அட்டையின் நகலைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் சங்கப் பணியாளர்கள் சிலர்,
அம்மாப்பேட்டை, சேலம்.