எல்லை ஊரில் கலப்புத் திருமணம்: முப்பது நாளைக் கடப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டுப் பழகுவதில்லை. காதல் கல்யாணம் வரை வந்த பிறகுதான் மதம் வாசலில் வந்து நிற்கிறது. தூண்டிவிடும் ஆட்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டித்துக் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. அவர்கள் கையில் சிக்காமல் கல்யாணத்தை முடிக்கும் வழியை யாரும் எழுதுவதில்லை.

முதல் தவறு, அவசரத்தில் கோயிலில் தாலி கட்டிக்கொள்வது. ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் அது செல்லாது. உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கான 7-அ பிரிவும் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். பதிவுச் சான்றிதழ் வாங்கிவிட்டாலும் செல்லாத திருமணம் செல்லுபடி ஆகிவிடாது.

இரண்டாவது தவறு, கல்யாணத்துக்காக மதம் மாறுவது. ‘மாற்றத்தான் காதலித்தான்’ என்று சொல்லக் காத்திருப்பவனுக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து ஒருவர் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால், 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதியும் போய்விடும்.

1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மாற வேண்டாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் துணை வேறு இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. இருவரில் ஒருவராவது தொடர்ந்து 30 நாள் குடியிருந்த பகுதியின் திருமண அலுவலரிடம், அதாவது நம் ஊரில் சார்பதிவாளரிடம், அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதை அவர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பார்க்க, பிறகு 30 நாள் காத்திருப்பு. அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து. புது ஊரில் வீடு பிடித்த நாளிலிருந்து கணக்கிட்டால், தடை எதுவும் வராவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

எல்லை ஊர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெங்களூரு பக்கம் ரூம் எடுத்து அங்கே அறிவிப்பு கொடுத்துவிட்டால் ஊருக்குத் தெரியாது என்று நம்புகிறார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலருக்குப் போகும். அவரும் தன் பலகையில் ஒட்டியாக வேண்டும். அதில் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் இருக்கும். யாராவது செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட அரை நிமிடம் போதும். ஆகவே நகல் ஊருக்கு வரும் என்று தெரிந்தே, பாதுகாப்பான தங்குமிடத்தை ஏற்பாடு செய்துவிட்டு அறிவிப்பு கொடுங்கள். கேரள அரசு இந்த அறிவிப்புகளை இணையத்தில் போடுவதை 2020-இல் நிறுத்தியது. ஜோடி கேட்டாலொழிய அறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அது நம் அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. நம் பதிவுத்துறை, பலகையைப் படம் எடுக்க விடாமலாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்சேபணைக்குப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். வயது, ஏற்கெனவே திருமணம், நெருங்கிய உறவுமுறை போன்ற சட்ட நிபந்தனைகளை மீறினால்தான் அது எடுபடும். ‘எங்கள் மதத்துக்கு ஆகாது’ என்பது ஆட்சேபணையே இல்லை. அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபணையை ஏற்றுக் கல்யாணத்தை நடத்த மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். உண்மையில் சிக்கல் வருவது காகிதத்தில்தான்: ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. உருதுப் பெயர்களில் இது சகஜம். அறிவிப்புக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். விவாகரத்தானவர் தீர்ப்பு நகலும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றும் வைத்திருக்க வேண்டும். சாட்சி மூவர் தேவை. ஐந்து பேரைத் தயாராக வையுங்கள். மிரட்டலில் கடைசி நேரத்தில் வராமல் போவது சாட்சிதான்.

போலீஸில் ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் போனால் ஓடி ஒளியாமல், வயதுச் சான்றோடு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு ஆஜராவதே நல்லது. ஸ்டேஷனில் பேசித் தீர்க்கிறோம் என்று எதையாவது எழுதி வாங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். இத்தகைய ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். எல்லை தாண்டிக் கடத்தினால் ‘அது கர்நாடகம்’ என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது; எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். அதே 2018 நவம்பரில் ஓசூரில் குடியிருந்த சாதி மறுப்புத் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில், காவிரியில்தான் கிடைத்தன.

‘சொத்தில் பங்கில்லை’ என்று மிரட்டுவார்கள். இப்படிக் கட்டிக்கொண்ட இந்து, தன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகத்தான் சட்டம் கொள்கிறது, பங்கு பறிபோவதில்லை.

இனி வீடு. மகள் பொட்டை அழிக்கவில்லை, மருமகன் நோன்பை விடவில்லை, ஒரே வீட்டில் சஹருக்கும் (நோன்புக்கு முந்தைய விடியற்காலைச் சாப்பாடு) அடுப்பு எரிகிறது, மாரியம்மன் பண்டிகைக்கு மாவிளக்கும் இடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே பெற்றவர்கள் இறங்கி வருகிறார்கள். மதம் மாறாமல் கட்டிக்கொண்டவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கிறது. முதல் சந்திப்பு பிறந்த வீட்டில் வேண்டாம். பொது இடத்தில், அம்மாவோடு மட்டும் போதும். தனியாக வா என்று அழைத்தால் போகாதீர்கள்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதை எல்லோரும் முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். சாவைப் பேசுவதில்லை. புதைப்பதா எரிப்பதா, எந்த மயானம் என்பதில்தான் ஆறிப்போன பகை மறுபடி கிளம்புகிறது. ஜமாத்தோ உறவினரோ முட்டுக்கட்டை போடும்போது துணையின் வாய்ச்சொல் எடுபடாது. இருவரும் தங்கள் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, திருமணச் சாட்சிகளில் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.