மீன் பெட்டியில் பிறந்த மேளம்

ஹவானா
16.01.2017

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? கூட வேலை பார்க்கும் ஒருவர் லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டல் கட்டட வேலை இப்போதைக்கு முடியாது. பொங்கலுக்கு இங்கேயே பானை வைத்தோம்.

ரும்பா என்றால் டிவியில் ஜோடியாகக் கட்டிக்கொண்டு ஆடுவார்களே அதுதானே என்று போனில் கேட்டாய். அது இல்லை. இங்கே கியூபாவில் ரும்பா என்றால் மேளமும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தது. 1930களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தப் பெயரில் பரவியது சோன், பொலேரோ என்ற வேறு கியூப இசை வகைகள். இங்கே உள்ள ரும்பாவில் ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதே இல்லை.

இது ஹவானாவிலும் மத்தான்சாஸ் துறைமுகத்திலும் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் ஆடியது. 1886-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு பலர் பட்டணத்துக்கு வந்து, பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம் உள்ள ஒண்டுக்குடித்தனங்களில் தங்கினார்கள். மேளத்துக்கு அரசாங்கம் கெடுபிடி செய்தது. சும்மா இருப்பார்களா? துறைமுகத்தில் கருவாடு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அடித்தார்கள். சின்ன மெழுகுவர்த்திப் பெட்டி உச்சக்குரலுக்கு. தச்சு வேலைக்காரன் என்பதால் எனக்கு ஆட்டத்தைவிடப் பெட்டி மேல்தான் கண். இப்போது இதற்கென்றே பெட்டி செய்கிறார்கள். மூட்டெல்லாம் சுத்தமான வேலை.

ஞாயிறு மதியம் ரும்பா பார்க்க இங்குள்ள ஹாமெல் சந்துக்குப் போவேன். முதலில் ஒருவர் இரண்டு கட்டைக் குச்சிகளைத் தட்டுவார், ஐந்து தட்டு, திரும்பத் திரும்ப. அதை விட்டு யாரும் விலக முடியாது. பாடுபவர் சொல்லில்லாமல் ஒரு இழுப்பு இழுத்து, பிறகு கதையைப் பாடுவார். கூட்டம் பதில் பாட ஆரம்பித்ததும் ஜோடி வட்டத்துக்குள் இறங்கும்.

ரும்பாவில் மூன்று வகை. யாம்பூ நிதானமானது. கிழவன் கிழவி மாதிரி மெல்ல ஆடுவார்கள். குவாகுவாங்கோவில்தான் வேடிக்கை. (இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.) சேவல் கோழியைச் சுற்றுவதுபோல அவன் சுற்றிவந்து, அசந்த நேரம் இடுப்பையோ கையையோ காலையோ சட்டென்று அவள் பக்கம் வீசுவான். அவள் சிரித்துக்கொண்டே பாவாடையால் மறைத்துத் திரும்பிவிடுவாள். அவனுக்குத் தோல்வி, கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்தான் கெட்டிக்காரிகள், எந்தப் பையனிடமும் சிக்க மாட்டார்கள். கொலும்பியா பெரும்பாலும் ஆண்கள் தனியாக ஆடுவது. குவின்டோ என்ற உச்சக்குரல் மேளத்தை அடிப்பவருக்கும் ஆடுபவனுக்கும் சண்டையே நடக்கும். காலைப் பார்த்து அவர் அடிப்பார், அடியைக் கேட்டு இவன் மடக்குவான்.

போன நவம்பர் 30-ல் யுனெஸ்கோ ரும்பாவை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாவம், ஃபிடல் காஸ்ட்ரோ 25-ஆம் தேதி இறந்து, ஒன்பது நாள் துக்கம். பாட்டு, மேளம் எதுவும் கூடாது. ஊரே கொண்டாட வேண்டிய சேதி, பெட்டியில் ஒரு தட்டுத் தட்ட முடியவில்லை.

என்னையும் வட்டத்துக்குள் இழுக்கிறார்கள். கை தட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், இடுப்பு வளையவில்லை. வருகிறவர் போனில் வீடியோ ஏற்றியிருக்கிறேன், வாங்கிப் பார். அவரிடம் கொஞ்சம் பணமும் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் கண்ணாடியை இந்த மாதமே மாற்றிவிடு.

அன்புடன்,
உன் தம்பி