பொன்னியின் செல்வனுக்கு முதலிடம் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டாயம் படிக்க வேண்டிய தமிழ் நாவல்கள் என்று போன இதழில் வந்த பட்டியலைப் பார்த்தேன். வழக்கம்போல 'பொன்னியின் செல்வன்' முதலிடத்தில். இந்த மாதிரிப் பட்டியல் போடுகிறவர்கள் முதலிடத்தை அதற்கு எழுதி வைத்துவிட்டு, இரண்டாம் இடத்திலிருந்துதான் யோசிக்கவே தொடங்குகிறார்கள் போலிருக்கிறது. அது மோசமான புத்தகம் என்று நான் சொல்லவில்லை. தமிழின் தலைசிறந்த நாவல் என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

கல்கி அதை வாரப் பத்திரிகைக்காக எழுதினார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் வந்தது. வாசகர் அடுத்த இதழுக்குத் தவம் கிடக்க வேண்டும். அந்த வேலையை அவரளவுக்குச் செய்தவர் தமிழில் இல்லை. ஆனால் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது அதே வித்தை சலிக்கிறது. கடம்பூர் மாளிகையில் சதியாலோசனை நடந்தால் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். திருப்புறம்பயம் பள்ளிப்படையில் (இறந்த மன்னனின் நினைவுக் கோயிலில்) நடந்தால் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் கேட்கிறான். சோழ சாம்ராஜ்யமே ஒட்டுக்கேட்டுத்தான் நடக்கிறதோ என்று தோன்றிவிடும். யாருக்காவது ஆபத்து வந்தால், காப்பாற்றுகிறவர் பக்கத்துப் புதரிலேயே இருப்பார். வாரம் ஒரு அத்தியாயமாகப் படித்தவர்களுக்கு இதெல்லாம் உறுத்தியிருக்காது.

சரி, இதையாவது மன்னிக்கலாம். என் உண்மையான குறை கதையின் நடுவில் இருக்கும் கொலையைப் பற்றியது.

நான் காட்டுமன்னார்கோவில்காரன். மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்த பிறகு, வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்கரை இதுதானா என்று கேட்டுக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இங்கேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 987 வாக்கில். ராஜராஜனின் அண்ணனும் பட்டத்து இளவரசனுமான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்பவர்களைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் நிலங்களையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்று பட்டம், பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்' என்று பட்டம். இருவருமே அரசில் பெரிய பதவி வகித்தவர்கள் என்று தெரிகிறது.

கரிகாலன் கொல்லப்பட்ட பிறகு அரியணை தம்பி அருள்மொழிக்கு வரவில்லை. சிற்றப்பா முறையான உத்தம சோழன் சுமார் 15 ஆண்டுகள் ஆண்டான். கொலைகாரர்களின் சொத்தைப் பறித்ததாக நமக்குக் கிடைக்கும் ஆணையோ, அருள்மொழி ராஜராஜனாகப் பட்டத்துக்கு வந்த பிறகுதான் வருகிறது. சிற்றப்பனுக்கு அரசாளும் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அதை மனதாலும் விரும்பவில்லை என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தம சோழன்மேல் சந்தேகம். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இதில் யார் சொல்வது சரி என்பது வரலாற்றாசிரியர்கள் பாடு. ஆனால் நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணனின் கொலையில் பங்கு இருக்குமோ என்று சந்தேகப்படும்படியான ஒருவரின் கீழ் 15 ஆண்டுகள் பொறுமையாக இருந்த தம்பி! அந்த மனத்துக்குள் என்னென்ன ஓடியிருக்கும்?

கல்கி அந்தப் பக்கமே போகவில்லை. உத்தம சோழனாக வரவேண்டிய கெட்ட மதுராந்தகன் அரசி செம்பியன் மாதேவியின் பிள்ளையே இல்லை, குழந்தையிலேயே இடம் மாறிவிட்டான் என்று முடித்துவிட்டார். பூத்தொடுத்துப் பதிகம் பாடும் சேந்தன் அமுதன்தான் உண்மையான பிள்ளையாம். சந்தேகம் முழுவதும் போலி இளவரசனோடு ஊரைவிட்டே போய்விடுகிறது. அப்புறம் அருள்மொழி புன்னகையோடு சேந்தன் அமுதனுக்கு மகுடத்தைத் தூக்கிக் கொடுத்துத் தியாகச் சிகரம் ஆகிறார். கொன்றது யார் என்பதையும் திட்டவட்டமாகச் சொல்வதில்லை. அதை நுட்பம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது எவர்மேலும் பழி விழாமல் நழுவுவதாகவே படுகிறது.

நந்தினியும் அவளை மணந்த கிழவர் பெரிய பழுவேட்டரையரும் மட்டும் இதற்கு விலக்கு. கிழவரின் மோகமும் அவமானமும் நிஜமானவை. அந்த இரண்டு பேரை வைத்தே ஒரு பெரிய நாவல் எழுதியிருக்கலாம். கொலைக்குப் பிறகு நந்தினியைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிடுவதுதான் வருத்தம்.

இன்னொன்று. தன் நூல்களில் ஏதாவது காலத்துக்கும் நிற்கத் தகுதியுடையது என்றால் அது 'அலை ஓசை'தான் என்று நினைத்தவர் கல்கி. அவர் மறைந்த பிறகு 1956இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றதும் அந்த நாவல்தான். உங்கள் பட்டியலில் அது எங்குமே இல்லை.

பொன்னியின் செல்வனின் புகழுக்கு எழுத்து மட்டும் காரணமில்லை. மறுபடி மறுபடி தொடராக வந்தது, கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதும் ஆளாளுக்கு மலிவுப் பதிப்பு போட்டார்கள், கடைசியில் சினிமா. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு இதில் ஒன்றுமே வாய்க்கவில்லை. எழுதிப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல்தான் புத்தகமாக வந்தது. அதிலும் கடல் இருக்கிறது, யுத்தம் இருக்கிறது, துணிச்சலான இளைஞன் இருக்கிறான். ஆனால் மெடானிலும் பினாங்கிலும் அலையும் அந்தப் பாண்டியன் சும்மா இருக்கும் நேரத்தில் தன்னையும் தமிழர்களின் பழம்பெருமையையும் சேர்த்தே கிண்டல் செய்கிறான். சாகசத்தோடு மூளைக்கும் வேலை உண்டு. அதற்கு நீங்கள் கொடுத்த இடம் முப்பதுக்கும் கீழே.

அடுத்த முறை பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு நாவலுக்கும் ஏன் அந்த இடம் என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் சண்டை போடவாவது வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டுமன்னார்கோவில்