நுளம்பு பிடித்தவர்

ஆசிரியருக்கு,

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதற்காக உழைத்த எங்கள் பூச்சியியல் உதவியாளர் ஒருவர் அண்மையில் காலமானார். பெயரை எழுதினால் வீட்டார் கூச்சப்படுவார்கள். எங்களுக்கு அவர் 'அண்ணன்'தான்.

மண்முனைப் பாலம் வருமுன், 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறி வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குப் போவார். நுளம்பை ஈர்க்க மாடு கட்டிய வலைக்கூண்டுக்குள் விடியுமுன் புகுந்து, டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக் குழாயால் நுளம்புகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பார். அதற்கு முன் மாட்டுக்காரரிடம் மாட்டின் நலம் விசாரிக்கத் தவறமாட்டார். மலேரியாவைப் பரப்பும் அனொபிலிஸ் குலிசிபாசிஸ் நுளம்பு எது என்று அவர் சொன்ன பிறகே நாங்கள் நுணுக்குக்காட்டியைத் தொடுவோம். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி.

உள்ளூர்த் தொற்று 2012உடன் நின்றது. பிறகு எல்லாரும் டெங்குப் பக்கம் திரும்பிவிட்டோம், அதுவும் நியாயமே. ஆனால் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்களும் இருக்கிறார்கள். எந்த ஓடைக் குட்டையில் எந்த மாதம் குடம்பி கண்டார் என்பதெல்லாம் அண்ணனின் கையெழுத்தில் குறிப்பேடுகளாகக் கிடக்கின்றன. கறையான் முந்துவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றச் சுகாதார அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு